ஒற்றைக் கொடையாளரை நம்பினால்...? தொண்டு நிறுவனங்களுக்குத் தேவ்நார் தரும் பாடம்

புது தில்லி: மும்பை தேவ்நாரில் உள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனம், தனது வளாகங்களில் பணியாற்றிய 55 ஆசிரியர்களையும் சுமார் 60 ஊழியர்களையும் பணிநீக்கம் செய்வதாக 2024 ஜூன் 28-ஆம் தேதி அறிவித்தது. டாடா கல்வி அறக்கட்டளையின் நிதியுதவி உறுதியாகாததே காரணம் எனக் கூறப்பட்டது. எதிர்ப்பு வலுத்தது. நிதி தர அறக்கட்டளை முன்வந்ததை அடுத்து, ஜூன் 30-ஆம் தேதி அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது.

1936-இல் தொடங்கி, தலைமுறைகளாகச் சமூகப் பணியாளர்களை உருவாக்கி வரும் நிறுவனத்துக்கே இந்த நிலை என்றால், சிறிய தொண்டு நிறுவனங்களின் கதி என்ன என்ற கேள்வி எழுகிறது.

முதல் தவறு

நிதி திரட்டும் பணியில் இருப்போர் செய்யும் முதல் தவறு, ஒரே கொடையாளரை நம்பியிருப்பது. நிரந்தரப் பணிக்கு, காலவரையறை கொண்ட திட்ட நிதியிலிருந்து ஊதியம் தருவது அதன் தொடர்ச்சி. ஒப்பந்தம் முடியும் தறுவாயில் கொடையாளரின் கதவைத் தட்டினால், அதற்கான விலையைத் தருபவர்கள் ஊழியர்களே.

மாறிய சட்டம்

சட்டத்தைக் கவனியாமை அடுத்த தவறு. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைத் திருத்த மசோதா 2020 செப்டம்பர் 21-இல் மக்களவையிலும், எதிர்க்கட்சிகளின் புறக்கணிப்புக்கு இடையே 23-இல் மாநிலங்களவையிலும் நிறைவேறியது. வெளிநாட்டு நிதியைப் பெற்ற நிறுவனம் அதை வேறு நிறுவனத்துக்கு மாற்றித் தர அச்சட்டம் தடை விதித்தது. நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. முறைகேட்டைத் தடுக்கவே இத்திருத்தம் என்றது அரசு. பெரிய அமைப்புகள் வழியாக நிதி பெற்று வந்த கிராமப்புறத் தொண்டு நிறுவனங்கள் முடங்கும் என்றனர் எதிர்ப்பாளர்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திருத்தங்களை உறுதி செய்தது.

கணக்கும் கனிவும்

உள்நாட்டு நன்கொடையிலும் எச்சரிக்கை தேவை. ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகத் தரப்படும் நன்கொடைக்கு 2017-18 நிதியாண்டு முதல் வருமான வரிச் சலுகை இல்லை. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், கொடையாளரின் அதிருப்தியே மிஞ்சும். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியைப் பெற விரும்பும் அமைப்புகள் மத்திய அரசிடம் பதிவு செய்வது 2021 ஏப்ரல் முதல் கட்டாயமானது. பதிவின்றி அனுப்பும் விண்ணப்பம் வீண்.

"நிர்வாகச் செலவே இல்லை" என்று கொடையாளரிடம் பெருமை பேசுவதும் தவறுதான். கணக்கருக்கும் களப்பணியாளருக்கும் ஊதியம் இன்றி எந்தத் தொண்டும் நடவாது. பணம் வந்த பின் கொடையாளரை மறந்துவிட்டு, மறு ஆண்டு மீண்டும் கை நீட்டுவது அதனினும் பெரிய தவறு.

தேவ்நாரில் நிதி வந்தது; வேலை தப்பியது. எல்லா நிறுவனங்களுக்கும் அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை.