மட்டக்குதிரை ஈனும் வேளை

டோம்பிவிலியில் வாழும் நம் குழந்தைகளுக்குக் குதிரை புதிதன்று. கர்ஜத் செல்லும் மின்வண்டியில் நேரல் வரை சென்று, அங்கிருந்து மாதேரான் மலைக்கு ஏறினால், மோட்டார் இரைச்சலற்ற அம்மலைப் பாதைகளில் இன்றும் குதிரைகள் மக்களைச் சுமந்து செல்லக் காணலாம். விடுமுறையில் அங்குச் சென்று வந்த பிள்ளைகள், ஊர் வீட்டில் ஒரு சின்னக் குதிரை வளர்க்கலாமே என்று கேட்பது இயல்பே. ஊரில் நிலமும் தொழுவமும் உடையோர் அவ்வாசையை நிறைவேற்றவும் கூடும். ஈரோடு மாவட்டத்து அந்தியூரில், குருநாதசுவாமி கோயில் ஆடித் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தைக்கு மாடுகளோடு குதிரைகளும் வருகின்றன. அவற்றுள் மட்டக்குதிரைகளும் உண்டு.

பெட்டைக் குதிரையை வாங்கியவர் நாளடைவில் குட்டியையும் எதிர்நோக்குவர். "தொழுவத்தில் எத்தனையோ கன்றுகள் பிறக்கக் கண்டோம், குதிரைக்குட்டி ஒரு பெரிய காரியமா?" என்று எண்ணவும் செய்வர். அபாயம் தொடங்குவது அவ்வெண்ணத்திலேதான். பசுவின் பேற்றில் பொறுமை நற்குணம். குதிரையின் பேற்றிலோ, அதே பொறுமை தாயையும் குட்டியையும் ஒருங்கே மாய்த்துவிடக் கூடும்.

சிறுமையில் உள்ள அபாயம்

உலகில் மிகச் சிறிய குதிரைகளை விரும்பி வளர்ப்போர் பலர். 1978-இல் தோன்றிய அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கம், பிடரி மயிரின் கடைசி இழை முடியுமிடத்தில் அளந்து 34 அங்குலத்துக்கு மேற்படாதவற்றையே அப்பெயரால் ஏற்கிறது. நம் மட்டக்குதிரைகள் பெரும்பாலும் அதனினும் உயரமானவை. ஆயினும், உருவம் குறையக் குறையப் பேற்றுத் துன்பம் மிகும் என்பதை நாமும் அறிதல் நன்று.

தாய் சிறிதாயின் குட்டியும் சிறிதாகத்தானே பிறக்கும் என்று கேட்கலாம். அது ஓரளவு மெய்யே. இங்கிலாந்தில் வால்டன், ஹாமண்ட் என்னும் அறிஞர் இருவர், பெருங்குதிரையாகிய ஷயர் இனத்தையும் சிறுகுதிரையாகிய ஷெட்லாண்டு இனத்தையும் கலந்து ஆராய்ந்து, தாயின் அளவே குட்டியின் பிறப்பளவைக் கட்டுப்படுத்துகிறது என்று 1938-இல் வெளியிட்டனர். ஆனால், மிகச் சிறிய இனங்களில் உடல் குறுகிய அளவுக்குத் தலை குறுகுவதில்லை. புடைத்த நெற்றி, தாயின் ஒடுங்கிய இடுப்பெலும்பில் சிக்கிக்கொள்கிறது. மேலும், சிறியவற்றையே தேடித் தேடி இணைக்கும்போது, நலமாகத் தோன்றும் பெற்றோர் இருவரிடமும் குள்ளக்குறை மறைந்திருக்கலாம். அவ்வாறாயின் பிறக்கும் ஒவ்வொரு குட்டிக்கும் நான்கில் ஒரு பங்கு அக்குறை வெளிப்பட வாய்ப்புண்டு. கோணிய கால்களும் பொருந்தாத தாடைகளுமாக அக்குட்டி வாழ்நாளெல்லாம் வருந்தும்.

கோடியக்கரைச் சரணாலயத்தில் காட்டு வாழ்வு வாழும் மட்டக்குதிரைகள் மருத்துவர் இன்றியே ஈனுகின்றனவே என்பார்க்கும் விடையுண்டு. அங்கே ஈன இயலாதது மடிகிறது. அதன் மரபும் அத்தோடு முடிகிறது. இணையை நாம் தேர்ந்தெடுக்கும் இடத்திலோ, பொறுப்பும் நம்முடையதே.

சினைக் காலத்தில் செய்ய வேண்டுவன

குதிரையின் சினைக்காலம் ஏறத்தாழ 11 மாதம். 320 நாள் முதல் 360 நாள் வரை முன்பின்னாக ஈனுவது இயல்பு. ஆகவே பொலிக்குதிரையோடு சேர்த்த நாளைக் குறித்து வைத்தல் வேண்டும்.

நிறைசினையான மட்டக்குதிரையைச் சந்தையில் வாங்கி, நெடுந்தூரம் லாரியில் ஏற்றிச் செல்வது தகாது. பயண அலுப்பாலும் தீவன மாற்றத்தாலும் அது உண்ணாது நிற்குமாயின், உடற்கொழுப்பு கரைந்து குருதியில் பெருகி ஈரலைக் கெடுக்கும். இந்நோய் பெருங்குதிரைகளினும் மட்டக்குதிரைகளையே மிகுதியாகப் பற்றுகிறது, உயிரையும் கொள்ளும். எனவே, கொழுத்திருக்கிறதே என்று சினைக்குதிரையைப் பட்டினி போட்டு இளைக்கச் செய்வதும் பெருந்தவறு. ஈனும் இடத்துக்கு அதனை ஒரு மாதம், ஒன்றரை மாதம் முன்னரே கொண்டு சேர்த்தால், அவ்விடத்துக் கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் அதன் சீம்பாலில் ஊறும். ஈனுவதற்கு 4 முதல் 6 வாரங்களுக்கு முன் டெட்டனஸ் தடுப்பூசி போடச் செய்தால், அக்காப்பும் சீம்பாலின் வழியே குட்டியைச் சேரும்.

அந்த அரை மணி நேரம்

ஈனுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம் இருக்கையில் மடி பெருக்கும். கடைசி ஓரிரு நாள்களில் காம்பு நுனியில் மெழுகுபோல் துளிகள் திரளும். சில குதிரைகளில் இவ்வடையாளம் தோன்றாமலும் இருக்கும். பெரும்பாலும் நள்ளிரவில், ஆளரவம் அடங்கிய பின்னரே குதிரை ஈனும்.

பனிக்குடம் உடைந்தபின் 20 முதல் 30 நிமிடத்துக்குள் குட்டி வெளிவந்துவிட வேண்டும். பசுவின் நஞ்சுக்கொடி பொத்தான்கள் போன்ற பல முடிச்சுகளால் கருப்பையைப் பற்றி நிற்பதால், நேரம் நீண்டாலும் கன்றுக்கு உயிர்க்காற்று கிடைத்துக்கொண்டிருக்கும். குதிரையின் நஞ்சுக்கொடி கருப்பை முழுதும் மெல்லப் படர்ந்து ஒட்டியிருப்பது. கடும் முக்கலில் அது விரைவில் பிரிந்துவிடும். பிரிந்தால் குட்டிக்கு மூச்சு இல்லை.

முன்னங்கால்கள் இரண்டும், ஒன்று சற்றே முந்த, குளம்பின் அடி கீழ்நோக்க, அவற்றின்மேல் மூக்கு படிந்து வருவதே நேரிய வரவு. ஒரு காலே தெரிந்தாலும், குளம்பின் அடி மேல்நோக்கினாலும், தலை காணாவிட்டாலும், வால் முதலில் தோன்றினாலும் உடனே கால்நடை மருத்துவரை அழைத்தல் வேண்டும். அவர் வருமளவும் குதிரையை எழுப்பி மெல்ல நடத்தினால் முக்கல் தணியும். ஆளுக்கு ஆள் கயிறு கட்டி இழுத்தல் கூடாது.

இயல்பான பேற்றில் முதலில் தெரியும் சவ்வு நீலம் கலந்த வெண்மையாக இருக்கும். அதற்கு மாறாகச் செம்பட்டுத் துணிபோல் சிவந்த பை பிதுங்கினால், நஞ்சுக்கொடி முன்னதாகவே பிரிந்துவிட்டது என்று பொருள். அப்போது மருத்துவருக்காகக் காத்திருக்க நேரமில்லை. தூய கத்தரிக்கோலால் அப்பையைக் கிழித்து, முக்கலோடு ஒத்துக் குட்டியைக் கீழ்நோக்கி மெதுவாக இழுத்து, மூக்கின் சவ்வை நீக்குதல் வேண்டும்.

பிறந்த பின்

ஒன்று, இரண்டு, மூன்று என்னும் கணக்கை மனத்தில் கொண்டால் போதும். 1 மணி நேரத்துக்குள் குட்டி எழுந்து நிற்க வேண்டும். 2 மணிக்குள் பால் குடிக்க வேண்டும். 3 மணிக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும். பசுவுக்கு 12 மணி வரை காத்திருப்பதுபோல் இங்குக் காத்திருந்தால், கருப்பை அழுகித் தாயின் குளம்புகளும் கெட்டு, அது நடக்கவும் இயலாதுபோகும். தொங்கும் நஞ்சுக்கொடியை இழுத்தலும் ஆகாது. விழுந்ததை ஒரு வாளியில் எடுத்து வைத்து, முழுமையாக வந்ததா என்று மருத்துவர் பார்க்கச் செய்க.

கருவில் இருக்கும்போது தாயின் குருதியிலிருந்து நோயெதிர்ப்பாற்றல் குதிரைக்குட்டிக்குச் செல்வதில்லை. சீம்பாலே அதற்கு அரண். அதனைக் குடல் ஏற்பது முதல் நாளில் மட்டுமே, அதிலும் முதற் சில மணி நேரத்தில்தான் மிகுதி. கொப்பூழ்க்கொடி தானே அறுபட விட்டு, மருத்துவர் தந்த கிருமிநாசினியில் அவ்விடத்தை நனைக்க. குட்டி முதல் மலம் கழிக்கிறதா என்றும் பார்க்க. சிறு இனக் குட்டிகளுக்கு அது இறுகி அடைத்துக்கொள்வதுண்டு.

நாம் இங்கே, குதிரை அங்கே

நம்மில் பலர் நிலை இதுவே. ஊரில் லாயத்தைப் பார்ப்பவர் வயது முதிர்ந்த தாயோ தந்தையோ. அவர்தம் மாட்டனுபவம் மதிக்கத் தக்கது. ஆயினும் இந்த ஒரு காரியத்தில் அது அவர்களைக் காத்திருக்கச் சொல்லும். ஆகவே, இங்கே கூறியவற்றை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். குதிரை மருத்துவம் அறிந்தவர் அருகில் யார், இரவு 2 மணிக்கு அழைத்தால் வருவாரா என்று இரண்டு மாதம் முன்பே கேட்டு வையுங்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஊர்திக்கு 1962 என்னும் எண் உண்டு. அவ்வூருக்கு இரவில் வர ஏற்பாடு உண்டா என்பதையும் விசாரியுங்கள். கடைசி வாரங்களில் இரவுக் காவலுக்கு ஓர் ஆளையும் அமர்த்துங்கள்.

இவற்றுள் எதற்கும் வழியில்லையாயின், குதிரையை வளர்க்கலாம். குட்டியை விரும்ப வேண்டாம். குழந்தையின் ஆசைக்கு ஒரு வாயில்லா உயிரைப் பணயம் வைப்பது அன்பாகாது.