குழந்தையின் மலம் வெளிறினால் காத்திருக்க வேண்டாம்

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வருவது நம் வீடுகளுக்குப் புதிதல்ல. கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டு வாரத்தில் பெரும்பாலும் இறங்கிவிடும். இறங்காவிட்டால், காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் தைரியம் சொல்வார்கள். ஆனால் இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் நீடித்து, கூடவே மலமும் வெளிறிப்போனால் அது பித்தநாள அடைப்பு என்ற நோயாக இருக்கலாம். இதற்கு வெயில் மருந்தல்ல.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீர் குழாய்கள் வழியாகக் குடலுக்கு வருகிறது. மலத்துக்கு நிறம் கொடுப்பது அதுதான். இந்நோயில் அந்தக் குழாய்கள் வீங்கி, தழும்பேறி அடைபட்டுவிடுகின்றன. பித்தம் உள்ளேயே தேங்கிக் கல்லீரலைக் கெடுக்கிறது. மலம் வெளிர்மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ சுண்ணாம்பு போலவோ போகும். சிறுநீர் அடர்ந்த நிறத்தில் துணியில் கறை பிடிக்கும். தொடக்கத்தில் குழந்தை நன்றாகவே பால் குடிக்கும், கொழுகொழுவென்றும் இருக்கும். பெற்றோர் ஏமாந்துபோவது இங்கேதான்.

ஜப்பானின் செண்டாய் நகரில், தொஹோகு பல்கலைக்கழக அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1955இல் ஒரு வழி கண்டார். அடைபட்ட குழாய்களை அகற்றிவிட்டு, குடலின் ஒரு பகுதியை நேராகக் கல்லீரலோடு இணைத்தார். இன்றும் முதல் சிகிச்சை இதுதான். அவர் பெயராலேயே வழங்குகிறது. குழந்தைக்கு 60 நாள் ஆவதற்குள் செய்தால் பலன் கூடுதல். நாள் தள்ளத் தள்ளக் கல்லீரல் இறுகிவிடும்.

அந்த 60 நாளுக்குள் நோயைக் கண்டுபிடிப்பது எப்படி? தைவானின் குழந்தைக் கல்லீரல் மருத்துவர் பேராசிரியர் சாங் மெய் ஹுவெய்யும் அவர் குழுவினரும் எடுத்துக்கொண்ட கேள்வி இது. அவர்கள் நம்பியது விலையுயர்ந்த கருவியை அல்ல, ஒரு வண்ண அட்டையை. ஜப்பானில் முன்பே முயன்று பார்த்த யோசனைதான். இயல்பான மலம், வெளிறிய மலம் இரண்டின் படங்களும் அதில் இருக்கும். தாய் ஒப்பிட்டுப் பார்த்துச் சந்தேகம் வந்தால் உடனே தெரிவிக்க வேண்டும்.

2002, 2003ஆம் ஆண்டுகளில் 78,000க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். நோய் உறுதியான 29 பேரில் 26 பேரை 60 நாளுக்குள் அட்டையே காட்டிக்கொடுத்தது. 2004இல் தைவான் முழுக்கத் திட்டம் விரிந்தது. அந்த ஆண்டு 60 நாளுக்குள் அறுவை செய்துகொண்டவர்கள் 60 விழுக்காடு. அடுத்த ஆண்டே 74 விழுக்காடு. ஓர் அட்டை செய்த வேலை இது!

இதே பேராசிரியர் சாங்தான், 1984இல் தைவான் தொடங்கிய ஹெப்பாடைடிஸ் பி தடுப்பூசியால் சிறுவர்களின் கல்லீரல் புற்றுநோய் குறைந்ததை 1997இல் ஆய்வு மூலம் எடுத்துக்காட்டியவர். மலேசியக் குழந்தைகளுக்கு இத்தடுப்பூசி 1989 முதல் போடப்படுகிறது.

கசாய் அறுவை எல்லாருக்கும் கைகொடுப்பதில்லை. சில ஆண்டுகள் தாக்குப்பிடித்த பிறகும் பலருக்குக் கல்லீரல் மாற்று தேவைப்படும். உலகின் முதல் கல்லீரல் மாற்று அறுவையை அமெரிக்காவின் டென்வரில் 1963இல் தாமஸ் ஸ்டார்சல் செய்தார். அந்த மூன்று வயதுச் சிறுவனுக்கும் இதே நோய்தான், அவன் பிழைக்கவில்லை. 1989இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் ரஸ்ஸல் ஸ்ட்ராங், தாயின் கல்லீரலில் ஒரு துண்டை எடுத்துப் பிள்ளைக்கு வெற்றிகரமாகப் பொருத்தினார். கொடுத்தவரின் கல்லீரல் மீண்டும் வளர்ந்துவிடும் என்பதால் இது சாத்தியமானது. ஆனாலும் தாய்க்கும் அது பெரிய அறுவைதான். பிள்ளையோ காலமெல்லாம் மருந்து சாப்பிட வேண்டும், செலவும் லேசானதல்ல. ஆகவே முதல் இரண்டு மாதத்தைக் கோட்டைவிடக் கூடாது.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லீ வே சியாவும் அவர் குழுவினரும் இந்நோய் பற்றி இங்குள்ள குழந்தைகளிடம் ஆய்வு செய்து வெளியிட்டிருக்கிறார்கள். வெளிறிய மலமும், தொட்டால் கெட்டியாகத் தெரியும் கல்லீரலும் அவர்கள் சுட்டும் அடையாளங்களில் அடங்கும்.

பேம்பர்ஸ் மாற்றுவது பல வீடுகளில் பாட்டிதான்; அவரிடமும் இதைச் சொல்லி வைக்கலாம். மலத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், விளக்கொளியில் நிறம் மாறித் தெரியும். சந்தேகமாக இருந்தால் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, முடிந்தால் அந்தப் பேம்பர்ஸையே பையில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போகலாம். 14 நாளுக்குப் பிறகும் மஞ்சள் இருந்தால், பிலிருபினின் மொத்த அளவோடு அதன் நேரடி அளவையும் தனியாகப் பார்க்கும் இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். நேரடி அளவு கூடியிருந்தால் அடுத்த மாதச் சோதனை வரை பொறுக்காமல், குழந்தை நல நிபுணரிடம் அனுப்பும் கடிதத்தை அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள்.