நோயுற்ற கோழிக்கு வீட்டில் செய்யும் பணிவிடை

ஊரை விட்டு வந்தாலும் ஊர்ப் பழக்கங்கள் நம்மை எளிதில் விட்டுவிடுவதில்லை. பிலாய், ஜாம்ஷெட்பூர், கரக்பூர் போன்ற நகரங்களின் குடியிருப்புகளில் கொல்லைப்புறமாகக் கொஞ்சம் மண் கிடைத்தால் போதும். ஒரு கறிவேப்பிலைக் கன்று, ஒரு முருங்கை, அதன் நிழலில் நாலைந்து கோழிகள் என்று நம் குடும்பங்கள் ஒரு சிறு கிராமத்தையே அமைத்துக்கொண்டு விடுகின்றன. குழந்தைகளுக்கு அன்றாடம் முட்டை கிடைக்கிறது. பாட்டிமார்களுக்குப் பேச்சுத் துணையும் கிடைக்கிறது.

ஆனால் அக்கோழிகளில் ஒன்று நோயுற்றால் நாம் திகைத்து நிற்கிறோம். சொந்த ஊராயின் பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்தவுடனே இன்ன நோய் என்று சொல்லிவிடுவார். இங்கோ யாரைக் கேட்பது? "ஒரு கோழிக்கு இத்தனை பாடா? குழம்பில் போட்டு விடுங்கள்" என்று சொல்லும் அன்பர்களும் உண்டு. நோயுற்ற கோழியை உண்பது தகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அதற்குச் செய்யத்தக்க பணிவிடை யாது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நோயின் அடையாளம்

கோழி தன் நோயை மறைக்கும் இயல்புடையது. சோர்ந்த பறவையை மற்றக் கோழிகள் கொத்தும். பருந்தும் கீரியும் அதனையே குறி வைக்கும். ஆகவே முடிந்தவரை நலமாக இருப்பது போலவே அது நடமாடும். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடி, கூட்டத்தினின்றும் விலகி அது ஒரு மூலையில் நிற்பதை நாம் காணும்போது நோய் பெரும்பாலும் முற்றியே இருக்கும். எனவே "நாளைக்குப் பார்க்கலாம்" என்பது கோழி விஷயத்தில் உதவாது.

கொண்டை சிவப்பாக இருக்கிறதா, வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கிறதா என்று முதலில் நோக்க வேண்டும். அடுத்து எச்சத்தைக் கவனிக்க வேண்டும். மூன்றாவதாக, கழுத்தின் அடியிலுள்ள தீனிப்பையைத் தடவிப் பார்க்க வேண்டும். இரவில் அது நிறைந்திருப்பதும் விடியற்காலையில் காலியாக இருப்பதுமே இயல்பு. காலையிலும் கல் போல் இறுகியிருந்தால் அடைப்பு. கொழகொழவென்று புளித்த வாடை வீசினால் தீனி உள்ளே கெட்டிருக்கிறது என்று கொள்ளலாம். தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கச் செய்வோர் உண்டு. அது மிகவும் ஆபத்தானது. நீர் மூச்சுக்குழலில் புகுந்து கோழி அப்போதே மாண்டு போகலாம்.

முதல் உதவி: தனிமை, வெப்பம், நீர்

எந்த நோயாயினும் முதலில் செய்ய வேண்டியவை மூன்று. முதலாவது, நோயுற்ற கோழியை உடனே பிரித்து வைப்பது. காற்றோட்டமுள்ள ஓர் அட்டைப் பெட்டியோ பழைய பஞ்சாரமோ போதும். அடியில் பழந்துணி விரித்து அன்றாடம் மாற்ற வேண்டும். நலமான கோழிகளுக்குத் தீனி வைத்த பிறகே நோயாளியிடம் செல்ல வேண்டும். திரும்பியதும் சோப்பினால் கையைக் கழுவ வேண்டும்.

இரண்டாவது வெப்பம். கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே நம்முடையதைவிட மிகுதி. 105 முதல் 107 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும். தீனி எடாத கோழியால் அவ்வெப்பத்தைக் காத்துக்கொள்ள இயலாது. டெல்லி போன்ற இடங்களில் ஜனவரி இரவுகளில் வெப்பம் 5 டிகிரி செல்ஸியஸுக்கும் கீழே இறங்குவதுண்டு. அந்நாட்களில் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைத்தால், வேண்டும்போது கோழி அதை நாடும், வேண்டாதபோது விலகும். ஆனால் வடநாட்டு வழக்கப்படி அங்கீட்டியில் கரி மூட்டி அடைத்த அறைக்குள் வைக்கவே கூடாது. அதிலிருந்து எழும் நச்சுவாயு பறவையை மட்டுமல்ல, உறங்கும் மனிதரையும் கொல்லும்.

கோடையில் இதற்கு நேர்மாறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. வாயைத் திறந்து இளைப்பதும் சிறகை விரிப்பதுமே அதன் வழி. அவ்விதம் இளைக்கும் கோழியை நிழலில் வைத்துக் கால்களைக் குளிர்ந்த நீரில் நனைக்கலாம். பனிக்கட்டி நீரில் அமிழ்த்தலாகாது.

மூன்றாவது நீர். தீனியின்றிச் சில நாள் தாங்கும் கோழி, நீரின்றித் தாங்காது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, ஓரிரு நாட்களுக்குக் கொடுக்கலாம். அன்றாடம் புதிதாகக் கரைக்க வேண்டும். தானே குடிக்காவிடில் சொட்டுக் குழலால் அலகின் ஓரத்தில் துளித்துளியாக விட்டு, அது விழுங்கும் வரை பொறுத்திருக்க வேண்டும். கோழியின் மூச்சுத் துவாரம் நாவின் அடியிலேயே இருப்பதால், வாயைப் பிளந்து ஊற்றினால் நீர் நெஞ்சுக்குள் இறங்கிவிடும். நினைவிழந்து கிடக்கும் கோழிக்கு எதையும் புகட்டலாகாது. நீர் தங்கிய பிறகு, குழைந்த நொய்க்கஞ்சியோ வெந்த முட்டையை உதிர்த்தோ சிறிது கொடுக்கலாம்.

முட்டை அடைப்பு

பெட்டைக்கோழிகளுக்கு வரும் இடர்களில் முட்டை வெளிவராமல் தங்கிவிடுவதும் ஒன்று. சென்ற குளிர்காலத்தில் எங்கள் கொல்லையிலிருந்த மூன்று வயதுக் கோழி ஒன்று, வாலைத் தாழ்த்திக்கொண்டு நிமிர்ந்து நின்று அடிக்கடி முக்கியது. தீனியை ஏறிட்டும் பார்க்கவில்லை. கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கலந்துகொண்டு, கை பொறுக்கும் வெதுவெதுப்பான நீரில் அதன் அடிவயிறு நனையும்படி 20 நிமிடம் உட்கார்த்தி வைத்தோம். பிறகு நன்கு துவட்டி, அவர் கூறிய சுண்ணாம்புச் சத்து மருந்தைக் கொடுத்து, இருண்ட வெதுவெதுப்பான அறையில் தனியே விட்டோம். விடியலில் தோல்முட்டை ஒன்று துணியின்மேல் கிடந்தது. கோழி தண்ணீரில் அலகை வைத்தது.

உள்ளே முட்டையை அழுத்தி உடைத்து எடுக்க முயல்வது கொடுமை. உடைந்த ஓடு உட்குழலைக் கிழித்துவிடும். ஒரு நாளுக்குள் முட்டை வெளிவராவிடில் மருத்துவரிடம் கொண்டு செல்வதே வழி.

வெள்ளைக்கழிச்சல்

பணிவிடையால் தீராத நோய்களும் உண்டு. அவற்றுள் தலையாயது நம்மவர் வெள்ளைக்கழிச்சல் என்று கூறும் ராணிக்கேத் நோய். இன்றைய உத்தராகண்டில் உள்ள மலையூரின் பெயர் அதற்கு அமைந்தது, 1920-களின் பிற்பகுதியில் அங்கே அது கண்டறியப்பட்டதால். 1926-இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரிலும் அதே நோய் தோன்றியமையால் உலகில் நியூகாஸில் நோய் என்றும் வழங்கும். பச்சை கலந்த வெண்ணிறக் கழிச்சல், மூச்சுத் திணறல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல், காலும் சிறகும் செயலற்றுப் போதல் ஆகியவை அதன் குறிகள்.

அந்நோயைத் தோற்றுவிக்கும் வைரசைக் கொல்ல மருந்து இல்லை. சின்ன வெங்காயம், மஞ்சள், சீரகம், கீழாநெல்லி என்று நம் பாட்டிமார்கள் அரைத்துக் கொடுத்தவற்றை நாம் இகழவில்லை. ஆயினும் தடுப்பூசிக்கு அவை ஈடாகமாட்டா. குஞ்சு பொரித்த முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டும், ஏறத்தாழ எட்டாம் வாரத்தில் ஊசியும் போடுவது வழக்கம். அரசுக் கால்நடை மருந்தகங்களை அணுகிக் கேட்கலாம். பல மாநிலங்களில் 1962 என்ற எண்ணை அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியும் கிடைக்கும்.

வீட்டாரின் நலம்

ஒரே சமயத்தில் பல கோழிகள் திடீரென மடிந்தால் அவற்றைத் தொடாமல், கால்நடை பராமரிப்புத் துறைக்கு உடனே தெரிவிக்க வேண்டும். பறவைக் காய்ச்சல் நம் நாட்டில் முதன்முதலாக 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் கோழிகளிடையே கண்டறியப்பட்டது. 2021-இல் டெல்லி மருத்துவமனையில் ஒரு சிறுவன் அந்நோயால் உயிரிழந்தான். அஞ்சி நடுங்குவதற்காக இதைக் கூறவில்லை. குழந்தைகள் நோயுற்ற கோழியை மடியில் வைத்துக் கொஞ்சாதிருக்க வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

கடையில் கேட்டு வாங்கிய மருந்தை நாமே கொடுப்பதும் தவறு. கோலிஸ்டின் என்ற மருந்தை உணவுக்காக வளர்க்கும் பிராணிகளுக்குத் தருவதை 2019-இல் அரசு தடை செய்தது. மனிதர்களுக்குக் கடைசிப் புகலாக உள்ள மருந்து பயனற்றுப் போகக்கூடாது என்பதே காரணம். மருத்துவர் மருந்து எழுதினால், எத்தனை நாள் முட்டையை உண்ணலாகாது என்பதையும் கேட்டறிய வேண்டும்.

இறுதியாக ஒன்று

எல்லா முயற்சியும் வீணாகும் வேளையும் வரும். எங்கள் கோழி ஒன்றுக்குக் கழுத்து முறுக்கி, நீரும் இறங்காத நிலையில், மருத்துவர் "இனி இதனை வருத்த வேண்டாம்" என்றார். அவர் கையாலேயே வேதனையின்றி அதன் உயிர் பிரிந்தது. நாய் தோண்டாத ஆழத்தில் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைத்தோம். "காப்பாற்ற முடியாது என்று தெரிந்தும் ஏன் இரவெல்லாம் விழித்திருந்தோம்?" என்று வீட்டுச் சிறுமி கேட்டாள். தெரிவதற்கு முன்பு விழித்திருந்தோம், தெரிந்த பிறகு அது தனியே கிடக்கலாகாதென்று விழித்திருந்தோம் என்று பாட்டி பதில் சொன்னார்.

நம்மை நம்பி நம் கொல்லையில் மேய்ந்த உயிருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம். தடுப்பூசியை உரிய காலத்தில் போடுவதும், நோயை முதல் நாளிலேயே காண்பதும், தீராதெனில் துன்பத்தை நீட்டாதிருப்பதும் அக்கடமையின் பகுதிகளே. கோழி வளர்க்கும் குடும்பத்தினர் தங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தின் முகவரியை இன்றே குறித்து, அடுக்களைச் சுவரில் ஒட்டி வைப்பார்களாக.