கார் பெயின்ட்டில் சிலந்தி வலைக் கீறல்கள்: எந்த பேட், எந்த காம்பவுண்டு? தேய்க்கும் முன் இதைப் படிங்க!

கறுப்பு, அடர்நீலம், மெரூன் நிற கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய காட்சி. நிழலில் நிற்கும்போது கார் பளபளன்னு இருக்கும். வெயிலுக்கு வந்ததும் பானட் முழுக்க சிலந்தி வலை கட்டினது மாதிரி மெல்லிய வட்டக் கீறல்கள் தெரியும். இவற்றைத்தான் 'ஸ்வர்ல் மார்க்ஸ்' என்கிறார்கள்.

“ஒரு ரப்பிங் போட்டா போயிடும் சார்” என்பது கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் பதில். போய்விடும்தான். ஆனால், கூடவே பெயின்ட்டின் மேல் அடுக்கில் கொஞ்சமும் போகும். அது திரும்ப வராது.

கீறல் எங்கே இருக்கு?

இன்றைய கார்களில் உலோகத்தின் மேல் துருத் தடுப்பு அடுக்கு, பிரைமர், நிறம், அதற்கும் மேலே நிறமில்லாத 'கிளியர் கோட்' என வரிசையாகப் பூசப்படுகின்றன. எல்லாம் சேர்த்தே பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். அதாவது, நம்ம காரின் கவசம் தலைமுடியைவிட மெல்லியது!

ஸ்வர்ல் மார்க்ஸ் பெரும்பாலும் இந்த கிளியர் கோட்டில்தான் விழுகின்றன. பாலிஷ் செய்யும்போது கீறல் நிரம்புவதில்லை. கீறலைச் சுற்றி உயரமாக இருக்கும் பகுதியைத் தேய்த்து சமமாக்குகிறோம், அவ்வளவுதான். வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருட்களும் இந்த அடுக்கில்தான் இருக்கின்றன. இது ரொம்ப மெலிந்துவிட்டால், சில ஆண்டுகளில் வெளுத்து உரியத் தொடங்கும். பிறகு ரீபெயின்ட் தவிர வழியில்லை.

அதனால், கீறலை எடுக்கக்கூடியவற்றில் எது மிக மென்மையானதோ அதைத் தேர்ந்தெடுப்பதுதான் சரி.

பேட்: நிறத்தை நம்பாதீங்க

பாலிஷிங் பேட்கள் முக்கியமாக மூன்று வகை.

• வுல் (கம்பளி) பேட்: வேகமாக வெட்டும். ஆழமான கீறல்களுக்கு உதவும். ஆனால், வேலை முடிந்ததும் மங்கலான தடம் விடலாம். அடுத்த சுற்று பாலிஷ் தேவைப்படும்.

• மைக்ரோஃபைபர் பேட்: இதுவும் நன்றாக வெட்டும். சில பெயின்ட்களில் லேசான பனிமூட்டம் போன்ற மங்கல் விடும்.

• ஃபோம் பேட்: கட்டிங், பாலிஷிங், ஃபினிஷிங் எனப் பல கடினத்தன்மைகளில் கிடைக்கும். சாதாரண ஸ்வர்ல் மார்க்ஸுக்கு பெரும்பாலும் நடுத்தர ஃபோம் பேட் போதும்.

பலர் சறுக்குவது நிறத்தில்தான். பேட் நிறங்களுக்குப் பொதுவான விதி கிடையாது. இத்தாலியின் ரூபெஸ் நிறுவனத்தின் மஞ்சள் ஃபோம், மென்மையான ஃபினிஷுக்கானது. அமெரிக்காவின் லேக் கன்ட்ரி நிறுவனத்தின் வழக்கமான நிற வரிசையிலோ மஞ்சள் என்றால் கட்டிங் பேட். ஒரே மஞ்சள், நேரெதிர் வேலை! ஒரு பிராண்டுக்கான வீடியோவைப் பார்த்து இன்னொரு பிராண்டை வாங்கினால் சிக்கல்தான்.

காம்பவுண்டா, பாலிஷா?

இரண்டிலும் இருப்பது நுண்ணிய தேய்ப்புத் துகள்கள்தான். காம்பவுண்டு அதிகமாக வெட்டும். பாலிஷ் குறைவாக வெட்டி, பளபளப்பைக் கூட்டும். வேக்ஸ் எதையும் வெட்டாது, மேலே பாதுகாப்பாகப் படியும்.

ஒரே பாலிஷை கட்டிங் பேடில் போட்டால் வெட்டு கூடும், ஃபினிஷிங் பேடில் போட்டால் குறையும். பேடும் திரவமும் ஒரு ஜோடி. தனித்தனியாகப் பார்த்து வாங்கக் கூடாது.

மெஷினும் முக்கியம். ரோட்டரி மெஷின் ஒரே அச்சில் சுற்றுவதால் ஓரிடத்தில் சூடு ஏறும். பழக்கமில்லாத கையில் கிளியர் கோட்டையே எரித்துவிடலாம். சுற்றிக்கொண்டே அசையும் 'டூயல் ஆக்‌ஷன்' மெஷின், புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பாதுகாப்பானது.

முதலில் ஒரு சின்ன சோதனை

பெயின்ட்டின் கடினத்தன்மை காருக்குக் கார் மாறும். நண்பரின் காருக்கு சரியாக வந்த ஜோடி உங்கள் காருக்கு வராமல் போகலாம். எனவே:

1. காரை நன்றாகக் கழுவி, ஒட்டியிருக்கும் அழுக்கை 'க்ளே பார்' கொண்டு எடுங்கள். மண் துகள் இருந்தால் பேடே புதுக் கீறல் போடும்.

2. நிழலில், பாடி சூடு ஆறிய பிறகு, பானட்டில் ஏறக்குறைய 2 அடிக்கு 2 அடி இடத்தில் மட்டும் தொடங்குங்கள்.

3. மென்மையான ஃபோம் பேடில் பட்டாணி அளவு பாலிஷ் 3, 4 சொட்டு விட்டு, நெடுக்கும் குறுக்குமாக மெதுவாக 4 முதல் 6 முறை ஓட்டுங்கள்.

4. தண்ணீர் கலந்த ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். துடைக்காவிட்டால், எண்ணெய்ப் பசை கீறலை மறைத்து ஏமாற்றும்.

5. கீறல் அப்படியே இருக்கா? முதலில் பேடை மாற்றுங்கள். அதுவும் போதாவிட்டால் மட்டும் காம்பவுண்டு.

பாடி மடிப்பு ஓரங்களில் பெயின்ட் மெல்லியது, அங்கே மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். பேடில் காரின் நிறம் ஒட்டினால் உடனே நிறுத்துங்கள். கிளியர் கோட் தீர்ந்திருக்கலாம், அல்லது அந்த காரில் அது இல்லாமலே இருக்கலாம்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

கீறலின் குறுக்கே நகத்தை ஓட்டும்போது சிக்கினால், அது பாலிஷில் முழுசாகப் போகாது. முழுசாக எடுக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும். ஓரங்களைக் கொஞ்சம் மழுங்கச் செய்து, கண்ணில் படாமல் ஆக்கினால் போதும்.

கடைக்குப் போனால் என்ன கேட்கணும்?

'பெயின்ட் தடிமனை மீட்டரில் அளந்து காட்டுவீங்களா? சோதனை இடம் செய்வீங்களா? எந்த பேடில் தொடங்குவீங்க?' இந்த மூன்று கேள்விகள் போதும். செராமிக் கோட்டிங் போடுவதாக இருந்தால் அதற்கு முன்பே கீறலை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கோட்டிங்குக்கு அடியில் அவை அப்படியே தெரியும்.

கடைசியாக, கீறல் விழுவதே பெரும்பாலும் கழுவும்போதுதான். தினமும் காலையில் காய்ந்த துணியால் தூசி தட்டுவதும், ஒரே பக்கெட் தண்ணீரில் பல கார்களைத் துடைப்பதும் மண்ணை வைத்துத் தேய்ப்பதற்குச் சமம். கார் துடைக்க ஆள் வைத்திருந்தால், “தண்ணி ஊத்தாம துணி வைக்காதீங்கண்ணா” என்று சொல்லி, ஒரு மைக்ரோஃபைபர் துணியையும் தனி பக்கெட்டையும் வாங்கிக் கொடுங்கள். அடுத்த பாலிஷை சில வருடங்களாவது தள்ளிப்போடலாம்.