உங்களுக்குத் தெரியுமா? அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் அலாரம் அடித்தால் முதலில் பார்க்கவேண்டியது நோயாளியை!

தாதியர் கல்லூரியில் மூன்றாண்டு படித்தவருக்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு வேலை புதிதுதான். இதற்கென இலங்கையில் உருவாக்கிப் பரீட்சித்த குறுகியகாலச் செய்முறைப் பயிற்சி ஒன்றைத் தாதியரே முன்னின்று நடத்தினார்கள். விவரம் 2015இல் ஒரு சர்வதேச மருத்துவச் சஞ்சிகையில் வந்தது.

புதியவர் பழகவேண்டிய அடிப்படை: அலாரம் அடித்தால் திரையைப் பார்க்கும் முன் நோயாளியைப் பார். விரலில் மாட்டிய ஒட்சிசன் மானி கழன்றாலும் அலாரம் அலறும்! சுவாசக் கருவியில் இருப்பவருக்குத் தடையேதும் இல்லாவிட்டால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி வைப்பார்கள். இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போய் நியூமோனியா வரும் ஆபத்து அதனால் குறையும்.

அங்கே நோயாளியைப் பார்க்கப் போகிறவர்களே, சத்தத்துக்குப் பதறாதீர்கள். கையைக் கழுவிவிட்டு உள்ளே போங்கள்.