கர்ப்பகாலச் சர்க்கரை: பழி லட்டு மேல் இல்லை

தங்கைக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த மறுவாரம் சர்க்கரை அதிகம்னு ரிப்போர்ட் வந்தது. வீட்டில் எல்லாரும் சொன்ன காரணம் ஒன்றுதான்: "அன்னிக்கு அவ்வளவு லட்டு சாப்பிட்டா வராம என்ன செய்யும்?" அவளும் அதை நம்பி அழுதாள். ஆள் ஒல்லி. மூன்றாம் மாதம் எடுத்த டெஸ்ட்டில் ஒன்றுமே இல்லை. அப்புறம் எப்படி வந்தது? நான் மருத்துவன் இல்லை. தேடிப் படித்ததில் புரிந்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் ஒன்று. கர்ப்பத்தில் இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவது கோளாறு இல்லை, உடலே செய்துகொள்ளும் ஏற்பாடு. வயிற்றுக் குழந்தைக்கு முக்கிய எரிபொருள் குளுக்கோஸ். அம்மா சாப்பிட்டதும் அவள் தசைகளே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டால் குழந்தைக்கு மிஞ்சாது. அதனால் நஞ்சுக்கொடி சில ஹார்மோன்களைச் சுரந்து அம்மாவின் உடலில் இன்சுலினின் வேகத்தைக் குறைக்கிறது. இது நடுமாதங்களில் ஆரம்பித்து ஏறிக்கொண்டே போகும். கடைசி மாதங்களில் இன்சுலினுக்கு உடல் கேட்பது ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. ஈடுகட்ட கணையம் கூடுதல் இன்சுலின் சுரக்கிறது. பெரும்பாலான பெண்களுக்கு இது சமாளிக்கும் அளவுதான். அதனால்தான் முதல் டெஸ்ட் நார்மலாக இருந்தாலும் 24-28 வாரத்தில் மறுபடி பார்க்கச் சொல்கிறார்கள்.

இதில் அழற்சிக்கு என்ன வேலை? அடிபட்ட இடம் சிவந்து வீங்குகிறதே, அதுதான் அழற்சி. கர்ப்பத்துக்கு அதுவும் தேவை. கரு கருப்பைச் சுவரில் பதியும்போது அழற்சி உண்டு. நடுவில் அடங்குகிறது. பிரசவ வலி தொடங்கும் நேரத்தில் திரும்ப வருகிறது.

சிக்கல் வேறொரு அழற்சியில். வெளியே தெரியாமல் உடல் முழுக்க மெதுவாகக் கனன்றுகொண்டிருப்பது. 1993-ல் ஹார்வர்டில் ஓர் ஆய்வு: பருத்த எலிகளின் கொழுப்புத் திசு டிஎன்எஃப்-ஆல்ஃபா என்ற அழற்சிப் புரதத்தைச் சுரக்கிறது, அது இன்சுலினைத் தடுக்கிறது என்று கண்டார்கள். இன்சுலின் செல்லின் வாசலில் காலிங் பெல் அடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிஎன்எஃப்-ஆல்ஃபா உள்ளே போகும் வயரைக் கெடுத்துவிடுகிறது. பெல்லை அழுத்தினாலும் உள்ளே கேட்காது. இந்தப் புரதத்தை நஞ்சுக்கொடியும் சுரக்கிறது. 2002-ல் கர்ப்பிணிகளிடம் செய்த ஒரு சிறிய ஆய்வில், இன்சுலின் எதிர்ப்பு ஏறுவதோடு ஹார்மோன்களைவிட இதன் அளவுதான் நெருக்கமாக ஒத்துப்போனது.

ஆக, இரண்டு சுமை. கர்ப்பம் எல்லாருக்கும் கொண்டுவரும் சுமை ஒன்று. அதற்கு முன்பே உடலில் இருக்கும் சுமை இன்னொன்று: வயிற்றுக் கொழுப்பு, அதோடு வரும் அழற்சி, குடும்பத்தில் சர்க்கரை. நம்ம ஊர் ஆட்களுக்கு ஒல்லியாகத் தெரிந்தாலும் உள்ளே கொழுப்பு அதிகம், தசை குறைவு. எங்க அம்மாவுக்கும் சர்க்கரை. இரண்டும் சேர்ந்து கணையத்தால் ஈடுகொடுக்க முடியாதபோது அளவு ஏறுகிறது. ஒரு நாள் லட்டுக்கு அந்த சக்தி கிடையாது.

அதற்காக இனி எதையும் சாப்பிடலாம்னு அர்த்தம் இல்லை. அம்மாவின் குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாண்டும், இன்சுலின் தாண்டாது. வந்து சேரும் சர்க்கரைக்குக் குழந்தையின் கணையம்தான் இன்சுலின் சுரக்க வேண்டும். அதனால் குழந்தை அளவுக்கு மீறிப் பெருக்கலாம், பிறந்ததும் அதற்குச் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அதனால் உணவுக் கட்டுப்பாடு, நடை, தேவைப்பட்டால் இன்சுலின், எல்லாம் அவசியம்.

நம்ம ஊரில் பரவலாகச் செய்யும் டெஸ்ட் எளிமையானது. 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் என்றால் கர்ப்பகாலச் சர்க்கரை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை. பஸ் பிடித்து வரும் கர்ப்பிணிகளை நினைத்து இந்த முறைக்காக வாதாடியவர் சென்னை மருத்துவர் வி. சேஷய்யா.

நான் இதை எழுதக் காரணம் கடைசி விஷயம். பிரசவத்தில் நஞ்சுக்கொடி வெளியேறியதும் சர்க்கரை பெரும்பாலும் இறங்கிவிடும். "போயிடுச்சு"ன்னு எல்லாரும் மறந்துவிடுகிறோம். ஆனால் கணையத்துக்கு வைத்த பரீட்சையில் அது திணறியது உண்மை. 2009-ல் லான்செட் இதழில் வந்த தொகுப்பாய்வின்படி, இப்படி வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் டைப் 2 சர்க்கரை வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்கு. அதனால் பிரசவமாகி 6 வாரத்தில் ஒரு டெஸ்ட், பிறகு ஆண்டுக்கு ஒருமுறை.

அதே 6-வது வாரம்தான் குழந்தைக்குத் தடுப்பூசி. தங்கையும் போனாள். குழந்தைக்கு ஊசி போட்டார்கள், அட்டையில் தேதி எழுதினார்கள். அவளுக்கு டெஸ்ட் எடுக்கணும்னு யாருக்கும் ஞாபகம் இல்லை. எனக்கும்தான். குழந்தைக்கு அட்டை இருக்கிறது, அம்மாவுக்கு இல்லை. நாலு மாதம் தள்ளித்தான் அந்த டெஸ்ட் எடுத்தோம். இப்போது ஒவ்வொரு வருஷமும் குழந்தையின் பிறந்தநாளுக்கு மறுநாள் அவள் போனில் ஒரு ரிமைண்டர் அடிக்கும். உங்கள் வீட்டிலும் யாருக்காவது இப்படி வந்துபோயிருந்தால், இன்றைக்கே ஒன்று போட்டு வையுங்கள்.