வள்ளப் பட்டறையில் அசிட்டோன்

குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டும் பட்டறைக்குள் நுழைந்தால் ரெசின் வாடையோடு இன்னொன்றும் மூக்கில் ஏறும். நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் அதே வாடை. பிரஷ் ஊறும் டப்பாவில் இருப்பது அசிட்டோன். மூன்று கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்: கீட்டோன் குடும்பத்திலேயே மிகச் சின்ன மூலக்கூறு. தண்ணீரோடும் கலக்கும், எண்ணெய்ப் பசையையும் கரைக்கும். 56 டிகிரி செல்சியஸில் கொதித்துவிடும்.

வள்ளத்துக்கு மோல்டில் கண்ணாடி நார் மேட்டை விரித்து, பாலியெஸ்டர் ரெசினைப் பிரஷால் ஊட்டுகிறார்கள். ரெசினை இறுக வைக்கும் காட்டலிஸ்ட்டும் கீட்டோன் வம்சம்தான்; அசிட்டோனைவிட ஒரு கார்பன் கூடிய அண்ணன் பியூட்டனோனிலிருந்து வரும் பெராக்சைடு. அது கலந்தபின் கொஞ்ச நேரம்தான், அதற்குள் பிரஷை அசிட்டோனில் அலசிவிட வேண்டும். திரவ ரெசினில் மூலக்கூறுச் சங்கிலிகள் தனித்தனியாகக் கிடப்பதால் அசிட்டோன் இடையில் புகுந்து பிரித்துவிடும். இறுகும்போதோ, ரெசினுக்குள் இருக்கும் ஸ்டைரீன் அவற்றைக் குறுக்கே பிணைத்து ஒரே வலையாக்கிவிடுகிறது. அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் கரையாது, பிரஷைத் தூர எறிய வேண்டியதுதான். மீன் பெட்டித் தெர்மோகோலும் ஸ்டைரீனில் செய்ததே. அதில் குறுக்குப் பிணைப்பு இல்லை. அசிட்டோன் பட்ட இடத்தில் பொசுக்கென்று அமுங்கிப் பசையாகிவிடும்.

ஒரு காலத்தில் இந்த அசிட்டோன் போர்ச் சரக்கு. நூறாண்டுக்கு முன்பே நீலகிரி அருவங்காட்டில் ஆலை வைத்துச் செய்த கார்டைட் வெடிமருந்தைப் பிசைய அசிட்டோன் வேண்டும். முதல் உலகப் போரில் பிரிட்டனுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, மாவுப்பொருளைப் பாக்டீரியாவால் நொதிக்க வைத்து அதை எடுத்துக் கொடுத்தவர் செய்ம் வைஸ்மன். பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதி! இன்று அசிட்டோன் பெரும்பாலும் பினால் என்ற வேதிப்பொருளின் உடன்பிறப்பாக வருகிறது. ஒரு கிலோ பினால் செய்தால் சுமார் 600 கிராம் அசிட்டோன். நமக்குப் பக்கத்தில் கொச்சி அம்பலமுகளில் இந்துஸ்தான் ஆர்கானிக் கெமிக்கல்ஸ் ஆலை இரண்டையும் செய்கிறது.

அசிட்டோன் கொடிய விஷமல்ல, நம் கல்லீரலே துளியளவு சுரக்கும். பயப்பட வேண்டியது தீக்குத்தான். மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவி அது. காற்றைவிட இரண்டு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து, எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிப் போய்ப் பிடிக்கும். கையில் ஒட்டிய ரெசினையும் அதிலேயே கழுவினால் தோலின் எண்ணெய்ப் பசையும் சேர்ந்து போய் வெடிப்பு விழும். பட்டறைக்காரர்களே, கையுறை போடுங்கள், டப்பாவை மூடி வையுங்கள், பீடியை வெளியே தள்ளிப் போய்ப் பற்ற வையுங்கள்.